நோரிக்கோவின் மறுப்பு



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் திரைப்படம் ஒன்று பேசுபொருளாவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். அதுவும் தமிழ்ப்படம் அன்று. 1953ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். ஆனால், கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்துகளில் ஏறிப் பழகியவர்கள் அதனை அயல்நாட்டுப் படம் என்று சொல்லத் தயங்குவார்கள். மடியில் மஞ்சள் பை. இருக்கைக்கு அடியில் புழுங்கல் அரிசி மூட்டை. சட்டைப் பையில் மகன் வீட்டு முகவரி எழுதிய தாள். பக்கத்தில் சாளரக் கம்பியைப் பற்றியபடி மனைவி. இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு முதிய இணையரின் கதையே யசுஜிரோ ஓசு இயக்கிய ‘டோக்கியோ மோனோகதாரி’. மோனோகதாரி என்றால் கதை. ‘டோக்கியோ கதை’ என்று தமிழில் சொல்லிவிட்டால் போதும். தலைப்பு அத்தனை எளியது.

பார்க்காதவர்களும் அவையில் இருப்பார்கள் என்பதால் கதையைச் சற்று விரித்துச் சொல்வது முறை.

இரோஷிமா மாநிலத்தில், உள்நாட்டுக் கடலை நோக்கிய துறைமுகச் சிறுநகர் ஒனோமிச்சி. அங்கே வாழ்பவர்கள் ஹிராயாமா சுகிச்சியும் அவர் மனைவி தோமியும். பிள்ளைகள் ஐவர். மூத்தவன் கொயிச்சி, டோக்கியோவின் புறநகர் ஒன்றில் மருத்துவன். மூத்த மகள் ஷிகே, அதே மாநகரில் மகளிர் முடிதிருத்தகம் நடத்துபவள். இரண்டாம் மகன் ஷோஜி போருக்குப் போனவன், திரும்பவில்லை. அவன் கைம்பெண் நோரிக்கோ அலுவலக வேலை பார்த்துக்கொண்டு சிறிய அறையொன்றில் தனித்து வாழ்கிறாள். மூன்றாம் மகன் கெய்சோவுக்கு ஒசாக்காவில் இரயில்வே வேலை. கடைக்குட்டி கியோகோ பள்ளி ஆசிரியை. அவள் மட்டும் பெற்றோருடன் இருக்கிறாள்.

பெற்றோர் டோக்கியோ வருகிறார்கள். மூத்த மகன் அவர்களை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும் வேளையில் நோயாளி ஒருவரின் அழைப்பு வருகிறது; பயணம் நின்றுபோகிறது. மகள் வீட்டுக்கு மாறுகிறார்கள்; அவளுக்குக் கடை. வந்திருப்பவர் யார் என்று வாடிக்கைப் பெண் கேட்க, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள் பெற்ற மகள். அவள் கணவன் மாமனார் மாமியாருக்கு நல்ல பலகாரம் வாங்கி வந்தால், இவ்வளவு விலையில் எதற்கு என்று கடிந்துகொள்கிறாள். பிறகு அண்ணனும் தங்கையும் செலவைப் பங்கிட்டுக்கொண்டு பெற்றோரை அத்தாமி என்னும் வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அந்த விடுதியில் இளைஞர்கள் இரவெல்லாம் பாடிக் கூத்தடிக்கிறார்கள். விடிந்ததும் கடலோரச் சுவர்மீது அமர்ந்து, ஊருக்குத் திரும்பலாமா என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். எழும்போது தோமிக்குத் தலை சுற்றுகிறது. ஒரு நொடிதான், பெரிதுபடுத்தாமல் நடக்கிறார்கள்.

எதிர்பாராமல் திரும்பிவந்தவர்களுக்கு மகள் வீட்டில் அன்றிரவு இடமில்லை. அவளுக்குச் சங்கக் கூட்டம். மனைவி நோரிக்கோவின் அறைக்கும், கணவர் பழைய ஊர் நண்பர்களைத் தேடியும் பிரிகிறார்கள். தோமி இறந்துபோன மகனின் படுக்கையில் உறங்குகிறாள். சுகிச்சி அளவுக்கு மீறிக் குடித்துக் காவலர் துணையுடன் நள்ளிரவில் மகள் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறார். பின்பு ஊர் திரும்பும் பயணம். வழியில் தோமிக்கு உடல் நலிவு. ஊர் சேர்ந்ததும் பிள்ளைகளுக்குத் தந்தி. வரும்போதே துக்க உடையையும் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது என்று ஷிகே சொல்கிறாள். தோமி விடியலில் இறக்கிறாள். இறுதிச் சடங்கு முடிந்த கையோடு, அம்மாவின் உடைகளில் இன்னின்னது எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மகள் புறப்படுகிறாள். மகன்களும் போகிறார்கள். மருமகள் மட்டும் சில நாள் தங்குகிறாள். அவளும் போனபின் முதியவர் தனியே அமர்ந்திருக்கிறார். கதை இவ்வளவுதான்.

இந்தக் கதையைக் கேட்டதும் ஒரு தமிழ்ப் பார்வையாளர் என்ன செய்வார் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. மகளைத் தூற்றுவார், மருமகளைத் தெய்வம் என்பார். தமிழ் மேடையும் திரையும் பல்லாண்டுகளாகப் பழக்கிய கணக்கு அது. அங்கே பெரும்பாலும் மருமகள்தான் கொடியவள், இங்கே மகள் என்பது மட்டுமே மாற்றம். குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கண்ணீர்விட்டு வீடு திரும்பினால் மனம் இலேசாகிவிடும். ஓசு அந்த இலேசைப் பார்வையாளருக்குக் கொடுக்க மறுக்கிறார். படத்தின் பெருமை இந்த மறுப்பில்தான் இருக்கிறது.

முதலில் ஷிகேயைப் பார்ப்போம். அவள் பேச்சில் கனிவு இல்லை, மறுப்பதற்கில்லை. ஆனால், குடித்துவிட்டு வந்த தந்தையைக் கண்ட அந்த இரவில் அவள் வாயிலிருந்து ஒரு பழங்கதை வெளிப்படுகிறது. அவள் சிறுமியாக இருந்தபோது தந்தை இப்படித்தான் குடித்துவிட்டு வருவார், தாயைத் துன்புறுத்துவார், பிள்ளைகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. கடைசி மகள் பிறந்த பிறகுதான் நிறுத்தினார். அதாவது, கடைக்குட்டி கியோகோ கண்ட தந்தை வேறு, ஷிகே கண்ட தந்தை வேறு. படம் முழுதும் புன்னகையோடு தலையசைக்கும் சாந்தமான முதியவரை மட்டுமே பார்த்துவந்த பார்வையாளர், மகளின் கடுமைக்குப் பின்னால் ஒரு குழந்தையின் அச்சம் இருப்பதை அந்த ஓரிரு வாக்கியங்களில் அறிகிறார். இயக்குநர் அதை அடிக்கோடிடவில்லை, கவனியாதவர்க்கு நழுவிவிடும்.

பெற்றோரும் குறையற்றவர்களாகக் காட்டப்படவில்லை. நண்பர்களுடன் குடிக்கும் இரவில் சுகிச்சி மனம் திறக்கிறார். மகன் டோக்கியோவில் பெரிய மருத்துவன் என்று எண்ணியிருந்தார். வந்து பார்த்தால் ஒரு தெருக்கோடியில் சிறு மருத்துவமனை. அவருக்கு அது ஏமாற்றமே. உடனிருக்கும் நண்பர் ஒருவர் தம் பிள்ளைகளைப் போரில் இழந்தவர். அவர் எதிரில் இருந்துகொண்டு, உயிரோடுள்ள பிள்ளைகளைப் பற்றி மற்றவர்கள் குறைபடுகிறார்கள். ஊர் திரும்பும் வழியில் கணவனும் மனைவியும், பிள்ளைகள் மாறிவிட்டார்கள் என்று பேசத் தொடங்கி, இருந்தாலும் பலரைவிட நாம் நல்லபடியாகத்தான் இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் தேற்றி முடிக்கிறார்கள். அந்தத் தேற்றல் பொய்யன்று. முழு மெய்யும் அன்று.

திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்தை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருந்தும். மகனைக் கற்றோர் நடுவே முதன்மை பெறச் செய்வது தந்தையின் கடன் என்கிறார் வள்ளுவர். மகன் செய்யும் கைம்மாறு எது? ஊரார் அந்தத் தந்தையின் பேற்றை எண்ணி வியக்கும்படி வாழ்ந்து காட்டுவது. ஆழ்ந்து நோக்கினால், இந்தக் கைம்மாற்றைத் தொலைவிலிருந்தே செய்துவிடலாம். தந்தையின் படுக்கையருகே மகன் இருக்கவேண்டும் என்பதில்லை. கொயிச்சி அந்தக் கடனைச் செலுத்தியவன்தான். ஒனோமிச்சியில் அவன் பெயர் சொன்னால் தந்தைக்கு மதிப்பு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு வெட்டி அனுப்பிய பணத்தில் பிள்ளையைப் பொறியியல் படிக்கவைத்த உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. என் மகன் பெங்களூரில் இருக்கிறான் என்று தேநீர்க் கடையில் சொல்லும்போது நிமிரும் அதே தலை, மாலையில் வீட்டுக்குள் விளக்கேற்ற ஆளின்றிக் குனிகிறது. பிள்ளை வெளியூர் போகவேண்டும் என்று விரும்பியவர்களும் அவர்களே. போனதை எண்ணி வருந்துபவர்களும் அவர்களே. இதில் குற்றவாளி யார்?

படம் பிறந்த காலத்தையும் கருதவேண்டும். மூத்த மகனே குடும்பத் தலைமையையும் சொத்தையும் ஏற்றுப் பெற்றோரைக் காக்கும் பழைய குடும்ப அமைப்பை ஜப்பானின் 1898ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் சட்டமாகவே ஆக்கியிருந்தது. போரில் தோற்றபின் 1947இல் அது திருத்தப்பட்டு அந்த அமைப்பு நீக்கப்பட்டது. படம் வந்தது அதற்கு ஆறாண்டுகள் கழித்து. பழைய கடமை ஏட்டிலிருந்து போய்விட்டது; மனத்திலிருந்து போகவில்லை. ஓசு தம் திரைக்கதைத் துணைவர் கோகோ நோதாவுடன் 103 நாள் அமர்ந்து இதனை எழுதினார். 1937இல் லியோ மெக்கேரி எடுத்த ‘நாளைக்கு வழிவிடு’ என்னும் பொருள்படும் அமெரிக்கப் படம் நோதாவின் நினைவில் இருந்தது. வீடிழந்த முதிய இணையரைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளும் கதை அது. முதியவராக நடித்த சிசூ ரியூவுக்கு அப்போது வயது 49தான் என்பதை நம்புவது கடினம். ஓசுவோ மணம் செய்துகொள்ளாதவர், தாயுடன் வாழ்ந்தவர். தாய் இறந்த மறு ஆண்டு, 1963 டிசம்பர் 12, தம் அறுபதாம் பிறந்த நாளன்று அவரும் மறைந்தார். பிள்ளைகளின் கடமையைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேசியவர் தந்தையாக ஒருநாளும் இருந்ததில்லை.

உத்தி குறித்து ஒரு சொல். ஒளிப்பதிவாளர் யூஹாரு அத்சுதாவின் கருவி, தரையில் பாய் விரித்து அமர்ந்தவரின் பார்வை மட்டத்துக்கும் சற்றுத் தாழவே இருக்கும். ஓரிரு இடம் தவிர அசையாது. திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்க்கும் ஒருவரின் பொறுமை அதற்கு உண்டு. தோமி இரயிலில் நோயுற்றதை ஓசு காட்டவில்லை. மகன் தன் அலுவலகத்தில் சொல்லக் கேட்கிறோம். இறக்கும் நொடியையும் காட்டவில்லை. தமிழ்ப்படத்தில் இசை பொங்கியெழும் இடங்களிலெல்லாம் இங்கே துறைமுகமும் படகும் காலியான தெருவும் வருகின்றன. முதலில் இது வறட்சியாகத் தோன்றும். சிலர்க்குக் கடைசிவரை அப்படியே தோன்றவும் கூடும், அதில் பிழையில்லை.

இனி நோரிக்கோ. செத்சுகோ ஹாரா நடித்த இப்பாத்திரத்தைப் பற்றியே இந்த உரையில் முதன்மையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. வேலைக்கு விடுப்பு எடுத்து மாமனார் மாமியாரைப் பேருந்தில் ஏற்றி மாநகரைச் சுற்றிக் காட்டுகிறாள். தன் அறைக்கு அழைத்துவந்து, அடுத்த வீட்டில் மதுவும் கிண்ணமும் இரவல் வாங்கி விருந்து வைக்கிறாள். தோமிக்குத் தோள் பிடித்துவிடுகிறாள். அவள் அவ்விருவரையும் அழைக்கும் சொற்கள் தந்தை, தாய் என்று பொருள்படும் சொற்களே. தமிழில் இப்படத்துக்கு உரையாடல் எழுதுபவர் ‘அப்பா’ என்பதா ‘மாமா’ என்பதா என்று திணற வேண்டியிருக்கும். ‘மாமா’ என்று எழுதினால் மரபு காக்கப்படும். படத்தின் உயிர்நாடி ஒன்று அறுந்துபோகும்.

தாய் இறந்தபின் சுகிச்சி அவளிடம், பெற்ற பிள்ளைகளைவிட இரத்த உறவே இல்லாத நீதான் எங்களுக்கு மிகுதியும் செய்தாய் என்கிறார். மகனை மறந்து மறுமணம் செய்துகொள் என்று வேண்டுகிறார். நம் கதைகளில் மருமகள் இந்த இடத்தில் மாமனாரின் காலில் விழுந்து அழுவாள். நோரிக்கோ மறுக்கிறாள். நீங்கள் நினைப்பதுபோல் நான் நல்லவள் அல்லள் என்கிறாள். கணவனை நினையாமலே நாட்கள் கழிவதுண்டு. இப்படியே இருந்துவிட முடியாது என்று இரவில் தோன்றுவதுண்டு. உள்மனம் எதற்கோ காத்திருக்கிறது. நான் தன்னலக்காரி என்கிறாள். இது தன்னடக்கம் அன்று. தன்மேல் ஏற்றப்படும் தெய்வப் பட்டத்தை ஒரு பெண் மெல்ல எடுத்துக் கீழே வைக்கும் செயல்.

தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குக் களைப்பு இருப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதியவரின் கட்டிலருகே இரவு விழித்திருப்பவர் பெரும்பாலும் மருமகளோ மகளோதான். மறுநாள் காலை கணினிப் பையுடன் வந்து மருத்துவரிடம் பேசும் மகனுக்கு நல்ல பிள்ளை என்ற பெயர் போகிறது. விழித்திருந்தவளுக்கு ஒரு கவனக்குறைவு நேர்ந்தால் கொடுமைக்காரி என்ற பெயர், நேராவிட்டால் தெய்வம். இரண்டுக்கும் நடுவே மனுஷி என்றொரு இடம் உண்டு என்று நோரிக்கோ சொல்கிறாள். அதைச் சொன்ன பிறகும் சுகிச்சி அவளை மதிக்கிறார். நீ உண்மையுள்ளவள் என்கிறார். மனைவி ஏறத்தாழ நோரிக்கோவின் வயதிலிருந்து வைத்திருந்த கடிகாரத்தை எடுத்து அவளிடம் கொடுக்கிறார். ஷிகே தாயின் உடைகளைக் கேட்டு வாங்கினாள். நோரிக்கோவுக்குக் கேளாமலே கிடைத்தது கடிகாரம்.

தமிழில் இதற்கு அருகே வைக்கத்தக்க படம் உண்டா எனில், 1989இல் பாலு மகேந்திரா தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘சந்தியா ராகம்’ உண்டு. அதுவும் கறுப்பு வெள்ளையே. அவரது ‘வீடு’ படத்தில் பாட்டனாராக நடித்த நாடகக் கலைஞர் சொக்கலிங்க பாகவதர் இதில் முதன்மைப் பாத்திரம். மனைவியை இழந்த முதியவர் சிற்றூரை விட்டுச் சென்னையில் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். ஓவியர் வீர சந்தானமும் அர்ச்சனாவும் அந்த இளம் இணையர். வருமானம் சிறிது, வீடு சிறிது. இன்னொரு வயிறு வந்தால் பருக்கைகளை எண்ணவேண்டிய நிலை. முதியவர் முதியோர் இல்லத்தைச் சேர்கிறார். குடும்ப நலம் குறித்த சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அர்ச்சனா ஏற்ற அந்தப் பெண்ணை வில்லியாக்காமல் விட்டதே பாலு மகேந்திராவின் நேர்மை. எனினும் இரு படங்களும் ஒன்றல்ல. சந்தியா ராகத்தில் இடர் வறுமையிலிருந்து வருகிறது. ஒனோமிச்சியின் பிள்ளைகள் வறியவர்கள் அல்லர். அவர்களுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். வறுமையை மன்னிப்பது எளிது. நேரமின்மையை மன்னிப்பதா கண்டிப்பதா என்பது கடினமான கேள்வி.

சட்டம் இதற்கு ஒரு விடை தேடியது. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். திங்களுக்குப் பத்தாயிரம் ரூபாயை உச்சவரம்பாக அச்சட்டம் வைத்தது. பட்டினியில் விடப்பட்டவர்க்கு அது வாழ்வளிக்கும் சட்டம், ஐயமில்லை. ஆனால், சுகிச்சியும் தோமியும் எந்தத் தீர்ப்பாயத்தில் என்ன முறையீடு கொடுப்பார்கள்? மகன் சோறிட்டான், மகள் படுக்கை விரித்தாள், இருவரும் சேர்ந்து வெந்நீர் ஊற்றுக்குச் செலவழித்தார்கள். மனுவில் எழுத ஒன்றுமில்லை. அச்சட்டம் 2007இல் ‘மக்கள்’ என்று வரையறுத்தவர்கள் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரே. மருமகளைச் சேர்க்கும் திருத்த முன்வரைவு 2019இல் மக்களவையில் வைக்கப்பட்டதுண்டு. நோரிக்கோ சட்டத்தின் கட்டாயத்துக்கு வெளியே நின்று செய்தவள். அவள் செய்தது உயர்ந்ததாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வூருக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் காட்சி சற்று வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலை தேடிக் கணவனும் மனைவியுமாகப் போகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியரிடம் விட்டுச் செல்கிறார்கள். அங்கே முதுமை என்பது யாரும் வந்து பார்க்கக் காத்திருக்கும் ஓய்வன்று. பேரப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிப் பள்ளிக்கு அனுப்பும் உழைப்பு. படத்திலும் ஒரு பாட்டியும் பேரனும் உண்டு. தோமி சின்னப் பேரனை வீட்டருகே மேட்டில் விளையாட விட்டு, நீ பெரியவனானால் என்ன ஆவாய், உன் அப்பாவைப் போல் மருத்துவனா, அப்போது நான் இருப்பேனா என்று கேட்கிறாள். பையன் புல்லைப் பறித்துக்கொண்டிருக்கிறான், விடை சொல்லவில்லை. மாடிச் சாளரத்திலிருந்து சுகிச்சி அவர்களைத் தொலைவில் பார்க்கிறார். மலையூர்ப் பாட்டிக்கும் அதே கேள்வி இருக்கும். கேட்க நேரம் இருக்குமா என்பது வேறு.

பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலை அறியாதவர் இந்த அவையில் இரார். ஆண்டுகள் பல சென்றும் தலை நரைக்காததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு அவர் மனைவியையும் மக்களையும் ஏவலரையும் அரசனையும் சொல்லிவிட்டு, தம் ஊரில் வாழும் சான்றோரையும் சேர்த்துச் சொன்னார். முதுமையின் நலம் வீட்டோடு முடிவதில்லை, ஊரிலும் இருக்கிறது என்பது அவர் கணக்கு. ‘டோக்கியோ கதை’ தொடங்கும்போது பயணத்துக்கு மூட்டை கட்டும் இணையரைச் சாளரத்தின் வழியே எட்டிப்பார்த்து, பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று அண்டை வீட்டுப் பெண் வாழ்த்துகிறாள். படம் முடியும்போதும் அவள் அதே சாளரத்தில் நிற்கிறாள்.

இடைப்பட்ட கதையில் தம் குறையை வாய்விட்டுச் சொன்னவர்கள் மூவர். தாயின் உயிர் பிரிந்தபின் வந்து சேர்ந்து, கோயிலில் சடங்கொலியைக் கேட்கப் பொறாமல் வெளியே வந்து உட்கார்ந்த கெய்சோ ஒருவன். நோரிக்கோ ஒருத்தி. மூன்றாமவர் சுகிச்சி. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால், அவள் இருந்தபோதே இன்னும் அன்பாக நடந்துகொண்டிருப்பேன் என்று அவர் அண்டை வீட்டுப் பெண்ணிடம் சொல்கிறார். பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தனியாக இருந்தால் பொழுது நீண்டுவிடுகிறது என்கிறார். அவள் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள். அவர் விசிறியை எடுத்து மெல்ல விசிறிக்கொள்கிறார். அந்நேரம் இரயிலில் நோரிக்கோ கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடலில் ஒரு படகு போகிறது.